இருபத்துமூன்று அளவுகோல்கள்

ஜனவரி 12, ஞாயிறு

இன்று காலை ஏழு நாற்பதுக்கு, பல் துலக்கிய பிறகும் காப்பிக்கு முன்பும், என் வாழ்க்கையின் போக்கை மாற்றக்கூடிய முடிவு ஒன்றை எடுத்தேன். பயிற்சி நிலையங்களை ஒப்பிடும் அட்டவணையில் நிலையங்களின் பெயர்கள் மேலிருந்து கீழாக வரும். அளவுகோல்கள் இடமிருந்து வலமாக வரும். நான்கு நாட்களாக இது பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். முடிவெடுத்ததும் மனம் லேசாகிவிட்டது. காப்பி ஆறியிருந்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

பிற்காலத்தில் இதைப் புரட்டுகிறவர்களுக்குப் பின்னணி தேவைப்படும். நான் தில்லைநாயகம், வயது நாற்பத்துமூன்று. சோழிங்கநல்லூரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பதினோரு வருடமாகத் தற்காலிகமாக இருக்கிறேன். ஆறாறு மாத ஒப்பந்தங்கள். இருபத்திரண்டாவது ஒப்பந்தம் மார்ச் 31 அன்று முடிகிறது.

எங்கள் அலுவலகத்தில் நிரந்தர ஊழியர்களின் அடையாள அட்டை நீல நாடாவில் தொங்கும். ஒப்பந்தக்காரர்களுக்கு மஞ்சள் நாடா. நுரை வரும் காப்பி இயந்திரம் நீல நாடாவின் அட்டையைக் காட்டினால்தான் ஊற்றும். மஞ்சள் நாடாவுக்கு இரண்டாம் மாடியில் பிளாஸ்க் வைத்திருக்கிறார்கள். சாலையில் போகும்போது நீல நாடாக்காரர்கள் அட்டையை வெளியே தொங்கவிடுவார்கள், பிரியாணிக் கடையிலும்கூட. நாங்கள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம்.

சென்ற புதன்கிழமை மேலாளர் நந்தகோபால் மின்னஞ்சல் அனுப்பினார். ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் ஏப்ரல் முதல் குழுத் தலைவராவார். இரண்டு வருட ஒப்பந்தம், பச்சை நாடா. திட்ட மேலாண்மைச் சான்றிதழ் இருக்க வேண்டும். நகலை மார்ச் 21-க்குள் தர வேண்டும். மற்ற ஒப்பந்த இடங்கள் மறுபரிசீலனை செய்யப்படும். எங்கள் குழுவில் ஒப்பந்தக்காரர்கள் இருவர்தான்: நானும் இருதயராஜும்.

பச்சை நாடாவுக்குக் காப்பி இயந்திரம் ஊற்றுமா என்று விசாரித்தேன். ஊற்றுமாம்.

(இந்த நாட்குறிப்பேடு என் மனைவி சுகந்தி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் உடல்நலக் குறிப்பு உண்டு. இன்றைய குறிப்பு சிறுநீரகக் கல் பற்றியது.)

ஜனவரி 13, திங்கள்

அளவுகோல்கள் இருபத்துமூன்று என்று முடிவாயிற்று. ஆசிரியரின் குரல் வளம், திரையின் வெளிச்சம், வாகனம் நிறுத்த இடம், கழிப்பறைத் தாழ்ப்பாள், இடைவேளையில் தரும் பிஸ்கட் முதலியவை. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்ச மதிப்பெண் வைத்தேன். சுகந்தி தோசை வார்த்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க இது, நாற்காலி மெத்தைக்கு எட்டு மார்க்கு?”

“நாலு மணி நேரம் உக்காரணும் சுகந்தி.”

“அங்க படிச்சவங்கள்ல எத்தனை பேரு பாஸானாங்கன்னு ஒரு கட்டமே காணோமே.”

இருபத்துமூன்று என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதை எடுத்துச் சொன்னேன்.

“பரண்மேல ஒரு செட்டு புக்கு எட்டு வருஷமா பிளாஸ்டிக் கவரு பிரிக்காம கெடக்கு. போன தடவ இதே மாதிரிதான் ஆரம்பிச்சீங்க. மொதல்ல அத எறக்குங்க.”

அவை பழைய பதிப்பு. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் சம்பந்தமில்லை. அப்போது என்னிடம் அட்டவணை இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மதிப்பெண்களைக் கூட்டினேன். நூற்றுநான்கு வந்தது.

ஜனவரி 15, புதன்

நாற்காலி மெத்தையில் நான்கைக் குறைக்க மனம் வரவில்லை. மொத்தம் நூற்றுநான்காகவே இருக்கட்டும்.

ஜனவரி 18, சனி

ஏணிப்படி கல்வியகத்தின் இலவச அறிமுக வகுப்புக்குப் போனேன். பெருங்குடியில் மூன்றாவது மாடி. இந்தத் தொழிலில் வழக்கம் இதுதான்: எந்த நிலையமும் முதல் வகுப்பை இலவசமாக நடத்தும். பிடித்தால் சேரலாம், பிடிக்காவிட்டால் பிஸ்கட்டோடு கிளம்பலாம். ஆகவே முடிவெடுக்கும் முன் எல்லா நிலையங்களின் முதல் வகுப்பிலும் உட்காருவதுதான் முறை. பட்டியலில் பதின்மூன்று நிலையங்கள் இருக்கின்றன.

முதல் அத்தியாயம் நடத்தினார்கள். திட்டம் என்பது தொடங்கி முடிவது. அன்றாட வேலை என்பது தொடங்கி முடியாதது. ஆசிரியர் கல்யாணத்தை உதாரணமாகச் சொன்னார். கல்யாணம் திட்டம், குடும்பம் அன்றாட வேலை. எல்லோரும் சிரித்தார்கள். பதினோரு வருடமாக முடிந்து முடிந்து தொடங்கும் என் வேலை எதில் சேரும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பிஸ்கட் வந்துவிட்டது. கிரீம் பிஸ்கட். ஐந்துக்கு நாலரை.

இடைவேளைக்குப் பின் பத்துக் கேள்விகளோடு ஒரு சிறிய பரீட்சை வைத்தார்கள். அந்த நேரத்தில் நான் கீழே போய் வாகன நிறுத்தத்தை அளந்து வந்தேன்.

நிலையத்தின் ஆலோசகர் ஹேமலதா என்ற பெண் என் எண்ணை வாங்கிக்கொண்டார். “கன்ஃபார்ம் பண்ணிடலாமா சார்?” என்றார். ஒப்பீடு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

வேளச்சேரியில் பரோட்டாக் கடை மாடியில் ஒரு நிலையம். இருதயராஜும் வந்தான். தூத்துக்குடிக்காரன், என்னைவிட ஒன்பது வயது இளையவன். என் அட்டவணையின் அச்சுப் பிரதியை அவனுக்கும் கொடுத்தேன். அவன் அதை மடித்து உட்கார்ந்த இடத்தில் விசிறிக்கொண்டான்.

வாசனை தாங்க முடியவில்லை. ஆசிரியர் ‘திட்டத்தின் எல்லை’ என்று தொடங்கும்போதெல்லாம் கீழே கொத்துப் பரோட்டா அடிக்க ஆரம்பித்தார்கள். இங்கேயும் கல்யாணம்தான் உதாரணம். பிளாஸ்டிக் நாற்காலி, மெத்தை கிடையாது. மாரி பிஸ்கட். பரீட்சையின்போது நான் கீழே வாகன நிறுத்தத்தை அளக்கப் போனேன். நிறுத்தமே இல்லாததால் சற்று அதிக நேரம் பிடித்தது. மொத்தம் நூற்றுநான்குக்கு நாற்பத்தொன்று.

திரும்பி வந்தபோது இருதயராஜ் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான்.

“என்னடா, சேந்துட்டியா?”

“ஆமாண்ணே. வீட்டுக்குப் போற வழில இருக்குல்லா. இருவத்தஞ்சாந் தேதி ஆரம்பிக்கியாங்களாம்.”

“இன்னும் பதினோரு இடம் பாக்கவே இல்ல.”

“நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே. நா அதுக்குள்ள படிச்சி முடிச்சிருதேன்.”

இப்படி அவசரப்படுகிறவர்கள் மேலாண்மைக்கு எப்படிப் பொருந்துவார்கள் என்று தெரியவில்லை. கீழே ஆளுக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டோம். அதை மதிப்பெண்ணில் சேர்க்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

நேற்று ஒன்று, இன்று இரண்டு. மூன்றிலும் முதல் அத்தியாயம், மூன்றிலும் கல்யாணம். ஒருவர் மட்டும் கல்யாணத்தோடு வளைகாப்பையும் சேர்த்து, அதை இரண்டாம் கட்டம் என்றார். புதுமைக்கு ஒன்றரை மதிப்பெண் தந்தேன்.

மூன்று இடங்களிலும் வாகன நிறுத்தம் அளக்கப்பட்டது.

ஜனவரி 29, புதன்

ஹேமலதா அழைத்தார். ஒப்பீடு நடக்கிறது என்றேன்.

ஜனவரி 30, வியாழன்

ஹேமலதா.

பிப்ரவரி 3, திங்கள்

முதல் அத்தியாயத்தில், எந்தத் திட்டத்துக்கும் நேரக்கூடிய ஆபத்துகளை முன்கூட்டியே பட்டியலிட வேண்டும் என்கிறார்கள். படித்ததைக் கையாள்வதே படிப்பு. என் திட்டத்துக்கு ஆபத்துப் பட்டியல் போட்டேன். பதினேழு ஆபத்துகள். மழை. வேளச்சேரியில் மழை (தனியாக). ஆசிரியர் பாதியில் வெளிநாடு போவது. ஏணிப்படியின் வாசலில் படுத்திருக்கும் நாய். லிப்ட். எனக்குச் சளி. ஆசிரியருக்குச் சளி.

சுகந்தி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தாள்.

“பதினெட்டாவதா ஒண்ணு எழுதிக்கட்டுமா?”

“என்ன?”

“சேராமலே போயிடறது.”

நாயைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அது எழுந்தால் இடுப்பு உயரம் இருக்கும்.

பிப்ரவரி 6, வியாழன்

நந்தகோபால் மின்தூக்கியில் பிடித்துக்கொண்டார். அவருடைய நீல நாடா என் மூக்குக்கு அருகே ஆடிக்கொண்டிருந்தது.

“தில்லை, சர்டிஃபிகேட் என்னாச்சு? உங்களுக்குத்தான் சீனியாரிட்டி. நீங்க பேப்பரக் குடுத்தா நான் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடுவேன். மார்ச் இருபத்தொண்ணத் தாண்டினா என் கைல இல்ல, பாத்துக்குங்க.”

“இறுதிக் கட்டத்துல இருக்கு சார்.”

“பரீட்சையா?”

“பட்டியல் சார்.”

அவர் நான்காம் மாடியில் இறங்கினார். அவருக்கு ஆறாம் மாடி.

பிப்ரவரி 9, ஞாயிறு

பதினோராவது நிலையம், துரைப்பாக்கம். ஆசிரியர் புதியவர். கல்யாண உதாரணத்தில் மண்டபம் பிடிப்பதற்கு முன்பே பத்திரிகை அடித்துவிட்டார். வரிசை தவறு. அமைதியாக எழுந்து திருத்தினேன். பெண் பார்ப்பது, நிச்சயம், தேதி, மண்டபம், பிறகுதான் பத்திரிகை; சமையல்காரர் மண்டபத்தோடு வந்தால் அது ஒரே பணி, தனியாக வந்தால் இரண்டு பணி; மாமா கோபித்துக்கொள்வது எதிர்பார்த்த ஆபத்து, சித்தப்பா கோபித்துக்கொள்வது எதிர்பாராத ஆபத்து. வகுப்பு என் பக்கம் திரும்பி உட்கார்ந்து குறிப்பெடுத்தது. ஆசிரியரும் எடுத்தார்.

பரீட்சைத் தாள் என் வரிசைக்கு வரும்போது வாகன நிறுத்தம் ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஹேமலதா அழைத்தார்.

“சார், நான் சேல்ஸுக்காகச் சொல்லல. உங்க டெட்லைன் மார்ச் இருபத்தொண்ணுன்னு சொன்னீங்க. நாலு சனிக்கிழம கிளாஸு, அப்பறம் எக்ஸாம், ரிசல்ட்டு. இந்தப் பதினஞ்சாந் தேதி பேட்ச விட்டா கணக்கே வராது சார். எங்ககிட்ட வேணாம், வேற எங்கயாச்சும் சேந்துடுங்க. ப்ளீஸ் சார்.”

இன்னும் இரண்டு நிலையங்கள் மிச்சமிருப்பதைச் சொன்னேன். வாசலில் இருக்கும் நாயையும் சொன்னேன். “நாய வேணா கட்டிப் போடச் சொல்லட்டுமா சார்?” என்றார். அக்கறையுள்ள பெண். வாடிக்கையாளர் சேவைக்கு அரை மதிப்பெண் கூட்டினேன்.

பிப்ரவரி 12, புதன்

இரண்டாம் மாடி பிளாஸ்க் அருகில் இருதயராஜ் தடித்த புத்தகத்தோடு நின்றிருந்தான். பக்கங்களில் சால்னாக் கறை.

“அண்ணே, நாலாவது அத்தியாயத்துல இந்தக் கணக்கு மட்டும் பிடிபட மாட்டேங்கு. நீங்கதான் இத்தன கிளாஸு போயிருக்கியள்லா, கொஞ்சம் சொல்லுங்களேன்.”

அந்தச் சமயத்தில் என் கைபேசி அதிர்ந்ததுபோல் இருந்தது. எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அதிரவில்லை.

பிப்ரவரி 15, சனி

முக்கியமான நாள். விரிவாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு நிலையங்கள் முடிந்த நிலையில் ஏணிப்படி 88.5 எடுத்து முன்னணியில் இருந்தது. மறு ஆய்வுக்காக மீண்டும் ஒருமுறை அங்கே போனேன். நாயைக் கட்டியிருந்தார்கள். அங்கே சனிக்கிழமைகளில் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகள் நடக்கும்: வலது அறையில் பணம் கட்டிச் சேர்ந்தவர்களின் வகுப்பு, இடது அறையில் இலவச அறிமுக வகுப்பு.

மாடியேறியதும் ஹேமலதா ஓடி வந்தார். “வந்துட்டீங்களா சார். ஃபார்ம் ரெடியா இருக்கு, கையெழுத்து மட்டும் போடுங்க. பத்தரைக்கு பேட்ச் ஆரம்பம்.”

பேனாவை எடுத்தேன். இதை நான் எழுதி வைக்க வேண்டும்: பேனாவை எடுத்தேன். மூடியையும் திறந்தேன்.

அப்போது இடது அறையில் பதினான்கு பேர் சலசலத்தார்கள். அறிமுக வகுப்பு எடுக்க வேண்டிய ஆசிரியருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர் டம்ளரோடு நின்று கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். ஆசிரியருக்குச் சளி: என் பட்டியலில் ஏழாவது ஆபத்து. இதை முன்கூட்டியே கண்டவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான்.

“அஞ்சு நிமிஷம் நான் சமாளிக்கிறேன்” என்றேன்.

“சார், உங்க பேட்ச்...”

“அஞ்சு நிமிஷம்.”

ஒன்றேமுக்கால் மணி நேரம் பேசினேன். பன்னிரண்டு நிலையங்களின் கல்யாணங்களிலிருந்து சிறந்த பகுதிகளை எடுத்து ஒரே கல்யாணமாக நடத்தினேன். துரைப்பாக்கத்துப் பத்திரிகைத் தவறை எச்சரிக்கையாகச் சேர்த்தேன். வளைகாப்பையும் விடவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கை கல்யாணம் நினைவுக்கு வந்ததாம். நடுவில் வலது அறையின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. நான் அப்போது நிச்சயதார்த்தத்தில் இருந்தேன்.

முடிவில் கேள்வித்தாள்களைக் கொடுத்துவிட்டு மாடிப்படியில் இறங்கினேன். ஹேமலதா மேலிருந்து கூப்பிட்டார்.

“சார், எங்க போறீங்க?”

“பார்க்கிங் பாக்க.”

“நீங்கதான் சார் வாத்தியாரு.”

பதினான்கு பேரில் ஒன்பது பேர் அடுத்த பேட்சில் சேர்ந்தார்களாம். வழக்கமாக இரண்டு பேர் சேருவார்களாம். ஏணிப்படிக்குக் கற்பித்தல் தரத்தில் இரண்டு மதிப்பெண் உயர்த்தினேன்.

பக்கத்தின் அடியில்: தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பதின்மூன்றாவது நிலையம். சமோசா தந்தார்கள். கல்யாணம் சுமார்.

மார்ச் 1, சனி

அட்டவணை நிறைவடைந்தது. மதிப்பெண்களை வரிசைப்படுத்தினேன். முதலிடத்தில் பரோட்டாக் கடை மாடி வந்தது. சூத்திரத்தை நான்கு முறை சோதித்தேன். பிறகுதான் கடைசியில் இருபத்துநான்காவதாக ஒரு கட்டம் இருப்பதைக் கண்டேன். ‘பாஸானவங்க’ என்று தலைப்பு. ஐந்நூறு மதிப்பெண்.

“பதிமூணு எடத்துக்கும் நானே போன் பண்ணிக் கேட்டேன்” என்றாள் சுகந்தி. “அரை மணி நேரம் ஆச்சு. லேப்ல ரிப்போர்ட்டு வரதுக்குள்ள முடிச்சிட்டேன்.”

கட்டத்தை அழித்தேன். ஏணிப்படி முதலிடத்துக்கு வந்தது. 90.5.

மார்ச் 3, திங்கள்

ஏணிப்படியில் சேர விரும்புவதாக ஹேமலதாவிடம் தெரிவித்தேன். மகிழ்ச்சி என்றார். அடுத்த பேட்ச் மார்ச் 29.

மார்ச் 15, சனி

அறிமுக வகுப்பு ஆசிரியர் இன்னும் வெந்நீர்தான் குடிக்கிறார். ஹேமலதா கேட்டுக்கொண்டதால் ஐந்தாவது வாரமாக நானே எடுத்தேன். பதினாறு பேரில் பதினொருவர் சேர்ந்தார்கள். பரீட்சையில் ஒரு கேள்வித்தாள் மிஞ்சியது. சட்டைப் பையில் அட்டையோடு வைத்துக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மதியம் சுகந்தி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். தாளை எடுத்து விடை எழுதினேன். பிறகு ஆசிரியர்களுக்குத் தரும் விடைக்குறிப்போடு ஒப்பிட்டேன். மறுபடியும் ஒப்பிட்டேன்.

பத்துக்குப் பத்து.

சுகந்தி கிளிப் டப்பாவோடு வந்து என் தோளுக்கு மேல் பார்த்தாள்.

“எட்டு வருஷமா பயந்துட்டிருந்தது இதுக்கா?”

“பயமெல்லாம் இல்ல. இது முதல் அத்தியாயம்தான்.”

“பக்கத்தத் திருப்பினா ரெண்டாவது வருதுங்க.”

நாற்காலி போட்டு ஏறி பரணிலிருந்து அந்தப் புத்தகங்களை இறக்கி வைத்தாள். பழைய பதிப்புதான். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தேன். இரண்டாம் அத்தியாயம் முப்பத்தொன்றாம் பக்கத்தில் தொடங்குகிறது. ஒன்பது பக்கம் படித்தேன். புரிந்தது.

மார்ச் 21, வெள்ளி

இருதயராஜ் சான்றிதழின் நகலை நந்தகோபாலிடம் கொடுத்தான். வெளியே வந்து, “மன்னிச்சிருங்கண்ணே” என்றான். எதற்கு என்று கேட்டேன். அவன் இரண்டாம் மாடிக்கு இறங்கி எனக்கும் காப்பி ஊற்றினான். நான் வீட்டில் நான்காம் அத்தியாயம் வரை வந்திருந்தேன். அவன் அன்று கேட்ட கணக்கை பிளாஸ்க் பக்கத்தில் வைத்து விளக்கிச் சொன்னேன்.

“நல்லாப் புரியுதுண்ணே. பரீட்சைக்கு முன்னாடியே கேட்டிருக்கணும்.”

“கேட்டியே” என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

மறுபரிசீலனை முடிந்ததாக மின்னஞ்சல் வந்தது. இரண்டு வரி.

மார்ச் 31, திங்கள்

மஞ்சள் நாடாவையும் அட்டையையும் ஒப்படைத்தேன். ரசீது தந்தார்கள். இருதயராஜ் ஆறாம் மாடிக்குக் கூட்டிப் போய், தனக்குக் காலையில் கிடைத்த பச்சை நாடாவின் அட்டையை இயந்திரத்தில் காட்டி எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தான். நுரை அதிகம். காப்பி கீழே கொஞ்சம் இருந்தது.

“எப்படி இருக்குண்ணே?”

“சூடா இருக்கு.”

ஏப்ரல் 2, புதன்

ஹேமலதா அழைத்தார். அறிமுக வகுப்புகளை எல்லாக் கிளைகளிலும் நானே நடத்த வேண்டும் என்று அவர்கள் நிர்வாகம் விரும்புகிறதாம்.

“பெரிய கிளாஸ் எடுக்க சர்டிஃபிகேட் வேணும் சார். டெமோவுக்கு வேண்டாம். நீங்க மொத அத்தியாயம் மட்டும் எடுத்தாப் போதும்.”

மார்ச் 29 பேட்சில் நான் சேர்ந்திருந்தேனே, அதன் வகுப்புகள் என்னாவது என்று கேட்டேன்.

“அதுவும் சனிக்கிழமதான் சார். ரெண்டும் ஒரே நேரம்.”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அட்டவணை ஒன்று தயார் செய்யத் தொடங்கினேன். சுகந்தி மடிக்கணினியை மூடிவிட்டு, “சரின்னு சொல்லுங்க. ராத்திரி ஒக்காந்து படிச்சுக்கலாம், நான் கேள்வி கேக்கறேன்” என்றாள்.

ஏப்ரல் 12, சனி

ஏணிப்படி கல்வியகத்தில் கையெழுத்திட்டேன். ஆறு மாத ஒப்பந்தம். வலது அறையில் என் பேட்சுக்கு மூன்றாம் வாரம். இடது அறையில் எனக்குக் கல்யாணம். இருபது பேர் வந்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். கட்டம் போட்ட சட்டையில் ஒரு நடுத்தர வயதுக்காரர் மட்டும் கையில் அச்சிட்ட அட்டவணையோடு உட்கார்ந்திருந்தார். பரீட்சை தொடங்கியதும் எழுந்து கீழே போனார்.

மாலையில் அடையாள அட்டை தந்தார்கள். நாடா மஞ்சள்.